12.05 ஏன் 12.5 ஆகிறது? சின்ன எல்சிடியில் முழு எண் கணக்கு

கேள்வி சுருக்கமாக இதுதான்: அர்டுயினோ ஊனோ (சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு), 16×2 எல்சிடி (16 எழுத்து, 2 வரித் திரை), ஒரு சின்ன சோலார் பேனல், 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி. வோல்டேஜையும் கரன்ட்டையும் ஃப்ளோட் (தசமப் புள்ளி எண் வகை) இல்லாமல், முழு எண்களிலேயே கணக்கிட்டுத் திரையில் காட்ட வேண்டும். மல்டிமீட்டர் 12.05 காட்டும்போது திரையில் 12.5 வருகிறது. 10.02-இல் இருந்து 9.98-க்கு இறங்கினால் 9.982 என்று நிற்கிறது. கரன்ட் திசை மாறினால் 0.-34 என்று விசித்திரமாக ஏதோ வருகிறது. கணக்கைக் கொஞ்சம் மாற்றினால் வோல்டேஜே மைனஸில் போகிறது.

இதில் முதல் மூன்றும் ஒரே கோளாறுதான், எண்ணைத் திரைக்கு அனுப்பும் இடத்தில் இருக்கிறது. நான்காவது மட்டும் கணக்கில் இருக்கிறது. இரண்டையும் கலந்து தேடினால் தலை சுற்றும், அதனால் தனித்தனியாகப் பார்ப்போம்.

சிப்புக்குள் தசமப் புள்ளி என்று ஒன்று வேண்டவே வேண்டாம். 12.05 வோல்ட் என்று நினைக்காதீர்கள், 12050 மில்லிவோல்ட் என்று நினையுங்கள். கடைக்காரர் கணக்கை எல்லாம் பைசாவிலேயே வைத்துக்கொண்டு, பில் எழுதும்போது மட்டும் கடைசி இரண்டு இலக்கத்துக்கு முன்னால் ஒரு புள்ளி வைப்பது மாதிரி. 1205 பைசாவை 12 ரூபாய், 5 பைசா என்று பிரித்துவிட்டு அதை 12.5 என்று எழுதினால் ஐந்து பைசா ஐம்பது பைசா ஆகிவிடும் அல்லவா, உங்கள் திரையில் நடப்பது அதேதான். உங்கள் ப்ரோகிராம் 12050 மில்லிவோல்ட்டை 10-ஆல் வகுத்து 1205 ஆக்குகிறது, அதை 100-ஆல் வகுத்து ஈவு 12-ஐ அச்சிடுகிறது, ஒரு புள்ளி வைக்கிறது, பிறகு மீதி 5-ஐ அச்சிடுகிறது. அந்த 5-க்கு முன்னால் ஒரு பூஜ்யம் வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. 12.10-இல் இருந்து 12.99 வரை சரியாக வரும், 12.00-இல் இருந்து 12.09 வரை மட்டும் தப்பாக வரும். அதனால்தான் இந்தக் கோளாறு மேசையில் சோதிக்கும்போது கண்ணில் படாமல் தப்பித்துவிடுகிறது.

இதைச் சரிசெய்யும் முன் கணக்குப் பக்கத்தை முடித்துவிடலாம், ஏனென்றால் அங்கே தப்பு இருந்தால் திரையில் எவ்வளவு அழகாகக் காட்டினாலும் பயன் இல்லை.

12 வோல்ட்டை நேரடியாக ஊனோவின் பின்னில் கொடுக்க முடியாது, அதனால் இரண்டு ரெசிஸ்டர் போட்டுப் பிரிக்கிறோம். மேலே 30 கிலோ ஓம், கீழே 10 கிலோ ஓம் என்று வைத்துக்கொண்டால் நாலில் ஒரு பங்கு வோல்டேஜ் பின்னுக்கு வரும். இந்த மதிப்புகளைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு: இரண்டும் பேரலலில் 7.5 கிலோ ஓம், ஊனோவில் உள்ள ஏட்மெகா 328 சிப்பின் ஏடிசி (வோல்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி) 10 கிலோ ஓமுக்கு உட்பட்ட சோர்ஸை எதிர்பார்த்து வடிவமைக்கப்பட்டது. 300-உம் 100-உம் கிலோ ஓம் போட்டால் பேட்டரியில் இருந்து குறைவாக உறிஞ்சும்தான், ஆனால் ரீடிங் அங்கும் இங்கும் ஆடும். அப்படியே போட வேண்டிய நிலை என்றால் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று வையுங்கள்.

ரெஃபரன்ஸ் (ஏடிசி ஒப்பிட்டுப் பார்க்கும் வோல்டேஜ்) 5 வோல்ட், ஏடிசி 10 பிட், ஆக 0 முதல் 1023 வரை எண்கள் வரும். முழு அளவு 4 × 5 = 20 வோல்ட், அதாவது 20000 மில்லிவோல்ட். சூத்திரம்:

மில்லிவோல்ட் = ரீடிங் × 20000 ÷ 1024

1023-ஆல் வகுப்பதா 1024-ஆல் வகுப்பதா என்று இணையத்தில் ஒரு முடிவில்லாத சண்டை நடக்கிறது. சிப் தயாரிப்பாளரின் டேட்டாஷீட் 1024 என்கிறது. வித்தியாசம் 0.1 சதவீதம்தான், உங்கள் ரெசிஸ்டரின் பிழை அதைவிடப் பல மடங்கு அதிகம். 1024 என்று போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

பேட்டரியில் 12.05 வோல்ட் இருந்தால் ரீடிங் 617 வரும். 617 × 20000 = 1,23,40,000. இதை 1024-ஆல் வகுத்தால் 12050. காகிதத்தில் சரியாக வருகிறது. ஆனால் ஊனோவில் இன்ட் என்ற முழு எண் வகை 16 பிட், அதில் −32768 முதல் 32767 வரைதான் கொள்ளும். ஒரு கோடியே இருபத்து மூன்று லட்சம் அதற்குள் எங்கே நுழையும்? மேல் பிட்டுகள் எல்லாம் வெட்டுப்பட்டு மிஞ்சுவது 19232, அதை 1024-ஆல் வகுத்தால் 18. திரையில் 0.02 வோல்ட். ரீடிங் ஒன்று கூடி 618 ஆனால் மிஞ்சுவது −26304, விடை −25. வோல்டேஜ் மைனஸில் போன கதை இதுதான், பேட்டரி வயரைத் தலைகீழாகக் கொடுத்துவிட்டோமோ என்று கழற்றிப் பார்க்க வேண்டியதில்லை. சி மொழியின் விதிப்படி இப்படி நிரம்பி வழிந்தால் என்ன வரும் என்பதற்கே உத்தரவாதம் கிடையாது, பழக்கத்தில் வருவது மேலே சொன்ன எண்கள்.

விடையைப் பிடிக்கும் வேரியபிளை லாங் (32 பிட் முழு எண் வகை) ஆக்கினேன், அப்படியும் சரியாகவில்லை என்று பலர் சொல்வார்கள். ஆகாது. பெருக்கல் நடக்கும்போது இரண்டு பக்கமும் இன்ட் என்றால் பெருக்கலும் 16 பிட்டில்தான் நடக்கும், கெட்டுப்போன விடைதான் பத்திரமாக லாங்குக்குள் போய் உட்காரும். பெருக்கும் இரண்டில் ஒன்றாவது முன்கூட்டியே லாங் ஆக இருக்க வேண்டும். 20000-க்குப் பின்னால் எல் என்ற ஆங்கில எழுத்தை ஒட்டி எழுதினால் போதும், கம்பைலர் அதை 32 பிட்டாக எடுத்துக்கொள்ளும்.

இதில் இன்னொரு விஷமம் இருக்கிறது. 20000 என்பது 16 பிட் இன்ட்டுக்குள் அடங்கும், அதனால் கம்பைலர் அதை இன்ட் என்று எடுக்கிறது. அதே இடத்தில் 50000 என்று எழுதியிருந்தால் அது இன்ட்டில் அடங்காது, கம்பைலர் தானாகவே லாங் ஆக்கிவிடும், கணக்கும் சரியாக வந்துவிடும். நண்பரின் ப்ரோகிராமில் 50000 வேலை செய்கிறது, எண்ணை மட்டும் மாற்றிய உங்களுடையதில் 20000 உதைக்கிறது என்றால் காரணம் இது. அதே மாதிரி ஈஎஸ்பி 32 போர்டுக்கு எழுதிய கோடை ஊனோவில் போட்டால் கெட்டுப்போவதற்கும் இதுவே காரணம், அங்கே இன்ட் 32 பிட்.

சரி, வழிவதைத் தவிர்க்க முதலில் வகுத்துவிட்டுப் பிறகு பெருக்கலாமே என்று தோன்றும். 617-ஐ 1024-ஆல் வகுத்தால் முழு எண்ணில் 0, எதால் பெருக்கினாலும் 0. கொஞ்சம் புத்திசாலித்தனமாக 20000 ÷ 1024-ஐ முதலில் போட்டால் 19, பின்னம் 0.53 காணாமல் போய்விடும், 617 × 19 = 11723. அதாவது 12.05 இருக்க வேண்டிய இடத்தில் 11.72. ஈய அமில பேட்டரியில் இது சின்ன வித்தியாசம் இல்லை. முழுதாக சார்ஜ் ஆகி ஓய்வில் இருக்கும் பேட்டரி 12.6, 12.7 பக்கம் நிற்கும், 11.8 பக்கம் வந்தால் கிட்டத்தட்ட காலி. 12.05-க்கும் 11.72-க்கும் இடையே பாதி பேட்டரி மறைந்துவிடும். ஆகவே வரிசை எப்போதும் இதுதான்: எல்லாப் பெருக்கலையும் முதலில் முடி, கடைசியில் ஒரே ஒரு முறை வகு. வகுக்கும் முன் வகுக்கும் எண்ணில் பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள் (இங்கே 512), அப்போது வெறுமனே வெட்டாமல் அருகில் உள்ள முழு எண்ணுக்குப் போகும்.

இப்போது ஒரு கசப்பான உண்மை. ரீடிங் 616 என்றால் 12031, 617 என்றால் 12051. நடுவில் எதுவும் கிடையாது. ஒவ்வொரு படியும் 19.5 மில்லிவோல்ட், அதனால் உங்கள் திரையில் 12.04 என்ற எண் வரவே வராது. இரண்டு தசம இடம் காட்டுகிறோம், ஆனால் கடைசி இலக்கம் பாதி அலங்காரம்தான். மூன்று இடம் காட்டி 12.051 என்று போடுவதெல்லாம் பார்ப்பவரை ஏமாற்றுவது.

இதை நியாயமான முறையில் கொஞ்சம் நல்லதாக்க ஒரு வழி உண்டு, முழு எண் கணக்கு ரொம்ப அழகாக உட்காரும் இடமும் இதுதான். ஒரு ரீடிங் எடுப்பதற்குப் பதில் 64 ரீடிங் எடுத்து அப்படியே கூட்டுங்கள், வகுக்காதீர்கள். 64 × 1023 = 65472. குறியற்ற (மைனஸ் இல்லாத) 16 பிட்டின் எல்லை 65535, ஆக ஒரு மயிரிழையில் உள்ளே அடங்குகிறது. 65 ரீடிங் எடுத்தால் வழிந்துவிடும். இந்தக் கூட்டுத்தொகையின் முழு அளவு 64 × 1024 = 65536, அதனால் சூத்திரம் இப்படி மாறும்:

மில்லிவோல்ட் = (கூட்டுத்தொகை × 20000 + 32768) ÷ 65536

மிக அதிகமாகப் போனாலும் 65472 × 20000 = 130,94,40,000. 32 பிட் லாங்கின் எல்லை 214,74,83,647. அடங்குகிறது. 65536-ஆல் வகுப்பது என்றால் 16 பிட் வலது பக்கம் தள்ளுவது, அதாவது நாலு பைட்டில் கீழ் இரண்டு பைட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு மேல் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வது. வகுத்தல் என்ற வேலையே இல்லை. இங்கும் 20000 லாங் ஆக இருக்க வேண்டும், மறக்க வேண்டாம். 64 ரீடிங் எடுக்க ஊனோவுக்கு சுமார் 7 மில்லிசெகண்ட் ஆகும், யாருக்கும் தெரியாது. ஒரே நிபந்தனை, சிக்னலில் ஒரு படி அளவுக்காவது இயற்கையான இரைச்சல் இருக்க வேண்டும். கல் மாதிரி அசையாத வோல்டேஜ் என்றால் 64 ரீடிங்கும் 617 என்றே வரும், கூட்டியும் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை. சோலார் சார்ஜர் ஓடும் இடத்தில் இரைச்சலுக்குப் பஞ்சம் இருக்காது.

கேலிப்ரேஷனும் (மல்டிமீட்டரோடு ஒத்துப்போக வைப்பது) இதே எண்ணில்தான் செய்ய வேண்டும். யூஎஸ்பி-யில் இருந்து வரும் 5 வோல்ட் பெரும்பாலும் 5 வோல்ட்டாக இருக்காது, சிப்புக்குள் இருக்கும் 1.1 வோல்ட் ரெஃபரன்ஸும் சிப்புக்குச் சிப்பு 1.0 முதல் 1.2 வரை மாறலாம் என்று டேட்டாஷீட்டே சொல்கிறது, ரெசிஸ்டர்களும் தங்கள் பங்குக்கு ஏமாற்றும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் திருத்த முயலாதீர்கள். எல்லாப் பிழையும் ஒரே பெருக்கும் எண்ணில் போய்ச் சேருகிறது. மல்டிமீட்டர் 12.42 காட்டும்போது திரை 12.18 காட்டினால் 20000 × 12.42 ÷ 12.18 = 20394. 20000-ஐ எடுத்துவிட்டு 20394 போடுங்கள், முடிந்தது. போர்டுக்கு எந்த இடத்தில் இருந்து பவர் கொடுக்கப் போகிறீர்களோ அதே பவரில் வைத்துச் செய்யுங்கள், லேப்டாப் யூஎஸ்பி-யில் செய்துவிட்டு அப்புறம் வேறு அடாப்டரில் மாட்டினால் எல்லாம் வீண்.

இனி திரை. இங்கே என் கருத்து கொஞ்சம் பிடிவாதமானது: எண்ணை ஈவு, புள்ளி, மீதி என்று மூன்று துண்டாக அச்சிடும் பழக்கத்தையே விட்டுவிடுங்கள். மீதி 10-க்குக் குறைவாக இருந்தால் ஒரு பூஜ்யம் போடு என்று ஒரு இஃப் நிபந்தனை சேர்க்கலாம், வேலை செய்யும். பிறகு மைனஸுக்கு ஒரு இஃப், மூன்று தசம இடம் வந்தால் இரண்டு இஃப், பழைய எழுத்தை அழிக்க இன்னொன்று. அதைவிட ஒரே ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதிக்கொண்டால் எல்லா ப்ராஜெக்ட்டுக்கும் உதவும். அதற்கு மூன்று விஷயம் கொடுக்க வேண்டும்: எண், எத்தனை தசம இடம், மொத்தம் எத்தனை கட்டம்.

அது வலமிருந்து இடமாக நிரப்பும். 1205, இரண்டு தசம இடம், ஆறு கட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10-ஆல் வகுத்தால் மீதி 5, அதைக் கடைசிக் கட்டத்தில் போடு, கையில் 120. மறுபடி வகுத்தால் மீதி 0, அதை அடுத்த கட்டத்தில் போடு, கையில் 12. இரண்டு தசம இலக்கம் முடிந்தது, புள்ளியைப் போடு. பிறகு 2, பிறகு 1, கையில் 0. மிச்சமிருக்கும் கட்டத்தில் வெற்றிடம். இலக்கத்தை எழுத்தாக மாற்ற 48-ஐக் கூட்டினால் போதும், ஆஸ்கி என்ற எழுத்துக் குறியீட்டில் பூஜ்யத்தின் எண் 48. எல்சிடி-யில் இருக்கும் ஹிட்டாச்சி 44780 வகைக் கன்ட்ரோலரும் எண்களுக்கு அதையே பின்பற்றுகிறது.

இதில் நுணுக்கம் ஒரே இடத்தில்தான். கையில் இருக்கும் எண் 0 ஆனதும் நிறுத்திவிடக் கூடாது. தசம இடங்களும் புள்ளிக்கு முன்னால் ஒரு இலக்கமும் முடியும் வரை பூஜ்யமாக இருந்தாலும் எழுத வேண்டும், அதற்குப் பிறகுதான் 0 என்றால் வெற்றிடம். இப்படிச் செய்தால் 5 என்ற எண் 0.05 என்று வரும், 0 என்பது 0.00 என்று வரும், 1205 என்பது 12.05 என்று வரும். தனி இஃப் எதுவும் இல்லாமல் உங்கள் முதல் கோளாறு காலி.

இரண்டாவது கோளாறும் அதோடு போய்விடும். 9.982 என்று வந்ததற்குக் காரணம், எல்சிடி எழுதியதை மறக்காது. 10.02 ஐந்து கட்டம், 9.98 நாலு கட்டம், ஐந்தாவது கட்டத்தில் பழைய 2 அப்படியே நின்றுகொண்டிருக்கிறது. எப்போதும் ஆறு கட்டம் முழுதாக எழுதினால் பழையது தானாக மூடப்படும். இதற்காகப் பலர் ஒவ்வொரு முறையும் முழுத் திரையையும் அழித்துவிட்டு எழுதுகிறார்கள், அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். அழிக்கும் கட்டளைக்கு மட்டும் 1.5 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகிறது, சாதாரணமாக ஒரு எழுத்துக்கு 40 மைக்ரோசெகண்ட் போதும். நேரத்தைக்கூட விடுங்கள், திரை கண்ணைக் கூசும் மாதிரி மினுக்கிக்கொண்டே இருக்கும். கர்சரை இடத்துக்குக் கொண்டுபோய் மேலேயே எழுதுங்கள். நொடிக்கு மூன்று நாலு தடவைக்கு மேல் புதுப்பிக்கவும் வேண்டாம், மனிதக் கண்ணுக்கு அதற்கு மேல் கடைசி இலக்கம் வெறும் மங்கல்தான்.

மூன்றாவது, மைனஸ். கரன்ட்டுக்கு ஏசிஎஸ் 712 என்ற சென்சார் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், உங்கள் எண்கள் அப்படித்தான் தெரிகின்றன. அதில் 20 ஆம்பியர் வகை ஒரு ஆம்பியருக்கு 100 மில்லிவோல்ட் தரும், கரன்ட் இல்லாதபோது சப்ளையில் பாதி, அதாவது 2.5 வோல்ட்டில் நிற்கும். ரீடிங் 512 என்றால் பூஜ்யம், ஒவ்வொரு படியும் 48.8 மில்லிஆம்பியர்:

மில்லிஆம்பியர் = (ரீடிங் − 512) × 50000 ÷ 1024

ரீடிங் 505 என்றால் −7, விடை −341 மில்லிஆம்பியர். திரைக்காக 10-ஆல் வகுத்தால் −34. இதை 100-ஆல் வகுத்தால் ஈவு 0, ஏனென்றால் சி மொழியில் முழு எண் வகுத்தல் பூஜ்யத்தை நோக்கி வெட்டும். மீதி −34, ஏனென்றால் மீதிக்கு வகுபடும் எண்ணின் குறிதான் வரும். இரண்டையும் ஒட்டி அச்சிட்டால் 0.-34. கம்பைலர் தன் விதியைச் சரியாகத்தான் பின்பற்றுகிறது.

தீர்வு: ஃபங்ஷனுக்குள் நுழைந்ததும் எண் மைனஸா என்று பார்த்து ஒரு குறிப்பு வைத்துக்கொண்டு, எண்ணை ப்ளஸாகத் திருப்பிவிடுங்கள். இலக்கங்கள் எல்லாம் எழுதி முடித்தபின், முதல் வெற்றிடம் வர வேண்டிய கட்டத்தில் மைனஸ் குறியைப் போடுங்கள். அருகிலுள்ள முழு எண்ணுக்குக் கொண்டுபோக பாதியைக் கூட்டுவதும் திருப்பிய பிறகுதான் செய்ய வேண்டும், மைனஸ் எண்ணோடு பாதியைக் கூட்டினால் தப்பான திசையில் போகும். வலப் பக்கம் பிட்டைத் தள்ளி வகுப்பதிலும் இதே பொறி இருக்கிறது: −1-ஐ 2-ஆல் வகுத்தால் 0, ஒரு பிட் வலப் பக்கம் தள்ளினால் −1. முதலில் ப்ளஸாக்கிவிட்டால் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. 16 பிட்டில் −32768-ஐ மட்டும் ப்ளஸாக்க முடியாது, அதற்கு இணையான 32768 உள்ளே கொள்ளாது. அதனால் ஃபங்ஷன் வாங்கும் எண்ணை லாங் ஆகவே வைத்துவிடுங்கள்.

இங்கே இன்னொரு குழி. ரீடிங்கைக் குறியற்ற இன்ட்டில் வைத்திருந்தால் 505 − 512 என்பது −7 ஆகாது, 65529 ஆகும். 64 ரீடிங் கூட்டுவதற்காகக் குறியற்ற வகைக்குப் போனவர்கள் அடுத்த வரியிலேயே இதில் விழுவார்கள். கழிக்கும் முன் லாங்குக்கு மாற்றுங்கள். 512 என்பதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம், வயரில் கரன்ட் இல்லாதபோது உங்கள் சென்சார் எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்த்து அதைப் போடுங்கள்.

வாட்ஸும் காட்ட ஆசை வரும், வந்தே தீரும். மில்லிவோல்ட் × மில்லிஆம்பியர் = மைக்ரோவாட். 12050 × 341 = 41,09,050, 1000-ஆல் வகுத்தால் 4109 மில்லிவாட், மூன்று தசம இடம் வைத்து 4.109 என்று காட்டலாம், நான் இரண்டோடு நிறுத்திக்கொள்வேன். 20000 மில்லிவோல்ட், 20000 மில்லிஆம்பியர் என்று உச்சத்துக்குப் போனாலும் 40 கோடிதான், லாங்குக்குள் அடங்கும்.

வாட்-அவர் கணக்குதான் பலரையும் ஏமாற்றும். ஒவ்வொரு நொடியும் மில்லிவாட்டை ஒரு லாங்கில் கூட்டிக்கொண்டே போனால், 20 வாட் ஓடும்போது நொடிக்கு 20000 கூடும், சுமார் 30 மணி நேரத்தில் 214 கோடியைத் தாண்டி மைனஸுக்குக் குதிக்கும். முதல் நாள் நன்றாக ஓடும், மறுநாள் சாயங்காலம் திரையில் மைனஸ் வாட்-அவர். இதற்கு ஃப்ளோட் தீர்வு என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: ஊனோவில் ஃப்ளோட் 32 பிட், அதில் எண்ணுக்கென்று இருப்பது 24 பிட் மட்டும். 1,67,77,216-உடன் 1-ஐக் கூட்டினால் மறுபடி 1,67,77,216-தான் வரும். டபுள் (பெரிய ஃப்ளோட் வகை) என்று எழுதினாலும் அந்தக் கம்பைலர் அதையும் 32 பிட்டாகவே நடத்தும். அதாவது தொகை பெருக்கப் பெருக்கச் சின்னச் சின்னக் கூட்டல்கள் சத்தமில்லாமல் காணாமல் போகும். மைனஸுக்குக் குதித்தாலாவது கண்ணில் படும், இது படவே படாது.

முழு எண்ணில் சரியான வழி இரண்டு கிண்ணம் வைப்பது. ஒரு வாட்-அவர் என்பது 36,00,000 மில்லிவாட்-செகண்ட். முதல் கிண்ணத்தில் நொடிக்கு நொடி கூட்டுங்கள், அது 36 லட்சத்தைத் தொட்டதும் 36 லட்சத்தைக் கழித்துவிட்டு இரண்டாவது கிண்ணத்தில் ஒன்றைக் கூட்டுங்கள். பூஜ்யமாக்காதீர்கள், கழியுங்கள், மிச்சம் அடுத்த சுற்றுக்குப் போக வேண்டும். வருடக்கணக்கில் ஓடினாலும் ஒரு மில்லிவாட்-செகண்ட்கூடத் தொலையாது.

இவ்வளவு சொன்னதால் ஃப்ளோட்டே பாவம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். ஊனோவில் 32 கிலோபைட் ஃப்ளாஷ் இருக்கிறது, ஒரு வோல்டேஜ் மட்டும் காட்ட ஃப்ளோட் போட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது, அர்டுயினோவின் ப்ரிண்ட் இரண்டு தசம இடம் போட்டே தரும். ஆனால் எண்ணை எழுத்தாக்கும் எஸ்ப்ரிண்ட்எஃப் ஃபங்ஷனில் ஃப்ளோட்டைக் கொடுத்தால் எண்ணுக்குப் பதில் கேள்விக்குறிதான் வரும், இடத்தை மிச்சப்படுத்த அந்தப் பகுதியை வழக்கமாகச் சேர்ப்பதில்லை. நாளைக்கே இதை 8 கிலோபைட் ஏட்டைனி 85-க்கோ 1 கிலோபைட் ஏட்டைனி 13-க்கோ மாற்ற நினைத்தால் ஃப்ளோட் கழுத்தைப் பிடிக்கும். அந்தச் சிப்புகளில் பெருக்கும் ஹார்ட்வேரே கிடையாது. வகுக்கும் ஹார்ட்வேர் ஊனோவிலும் இல்லை, எல்லாம் சாஃப்ட்வேரில்தான் நடக்கிறது. வகுத்தலையே தவிர்க்க வேண்டும் என்றால் பழைய வழி ஒன்று உண்டு: 1000-ஐ எத்தனை முறை கழிக்க முடிகிறது என்று எண்ணு, அதுதான் முதல் இலக்கம், அப்புறம் 100, அப்புறம் 10. ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் ஒன்பது கழித்தல்தான். காலேஜ் லேபில் 8051 மைக்ரோகன்ட்ரோலர் படித்தவர்களுக்கு 100-ஆலும் 10-ஆலும் வகுத்து இலக்கம் பிரித்தது ஞாபகம் இருக்கும், அங்கே 8 பிட்டுக்கு மட்டுமாவது ஒரு வகுத்தல் கட்டளை இருந்தது.

எல்சிடி-க்குப் பதில் 128×64 ஓஎல்இடி போடுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. அதன் வழக்கமான லைப்ரரி முழுத் திரையின் படத்தையும் ரேமில் வைத்துக்கொள்ளும், 1024 பைட். ஊனோவின் மொத்த ரேமே 2048. பாதி அங்கேயே போய்விட்டது, கணக்கு முழு எண்ணில் இருப்பது அப்போது ரொம்ப உதவும். இன்னொன்று, அதில் எழுத்துக்குப் பின்னணி நிறம் கொடுக்காமல் எழுதினால் பழைய எண்ணின் மேலேயே புதிய எண் விழுந்து இரண்டும் படிக்க முடியாமல் போகும், வெற்றிடம் போட்டும் அழியாது.

பேட்டரியில் மாட்டும் முன் அந்த அச்சிடும் ஃபங்ஷனை மட்டும் தனியாகச் சோதியுங்கள், சென்சார் எதுவும் வேண்டாம். 0, 5, 9, 10, 99, 100, 998, 1002, 1205, −1, −34, −100 எல்லாவற்றையும் ஒன்றன் பின் ஒன்றாக அனுப்பி சீரியல் மானிட்டரில் பாருங்கள், எல்லாமே ஆறு கட்டத்தில், புள்ளி ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். −1 என்பது −0.01 என்று வந்தால் ஃபங்ஷன் சரி. அப்புறம் பேட்டரியின் ப்ளஸ் முனையில் இருந்து ரெசிஸ்டருக்கு வரும் வயரில், முனைக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன ஃப்யூஸ் போடுங்கள். 7 ஆம்பியர்-அவர் பேட்டரி பார்க்கச் சின்னதாக இருந்தாலும் ஷார்ட் ஆனால் வயரைச் சிவக்க வைக்கும்.